பதினொரு முன்னாள் தலைவர்கள்

அத்தியாயம் 23

மாமனாருக்கும் மருமகளுக்கும் நேரடிப் பேச்சு நின்று பத்து மாதம் ஆகிறது. அதற்காக வீட்டில் பேச்சு குறைந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். முன்பு இரண்டு பேர் பேசி முடித்த விஷயத்தை இப்போது மூன்று பேர் பேசுகிறார்கள், அவ்வளவுதான்.

“இன்னைக்குத்தானே அந்த மெஷின் நம்ம வாசகசாலைக்கு அடியில வருது? எத்தனை மணிக்குன்னு கேட்டுச் சொல்லு” என்று காபித் தம்ளரும் கையுமாக மகனிடம் சொன்னார் மாமனார்.

மருமகள் இரண்டடி தள்ளி நின்று தலைக்கவசத்தின் வாரைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

“பத்து மணிக்கு வரும். மூணரைக்கெல்லாம் தாண்டிடும்னு சொல்லுங்க” என்றாள் கணவனிடம்.

“பத்துக்கு வருதாம்ப்பா. மூணரைக்குத் தாண்டிடுமாம்.”

மகன் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் பயிற்சியாளன். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, யார் எப்படி ஓட்டினாலும் தன் காலடியில் இருக்கும் பிரேக்கை மட்டும் நம்பிப் பிழைப்பவன். வீட்டிலும் அவனுக்கு அதே இருக்கைதான் வாய்த்திருந்தது.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி சொல்லிவிடுகிறேன். ஊருக்கு அடியில் மெஷின் வைத்துச் சுரங்கம் தோண்டி ரயில் பாதை போடுகிறார்கள். அந்தப் பாதை, தெருமுனையில் தொண்ணூறு வருடமாக நிற்கும் வாசகசாலையின் கிழக்குச் சுவருக்கு நேர் கீழே போகிறது. செங்கல் சூளைத் தொழிலாளர்கள் தங்களுக்காகக் கட்டிக்கொண்ட வாசகசாலை அது. ஊருக்கெல்லாம் கல் அறுத்தவர்கள், ஆளுக்கொரு கல்லில் ஈரம் காயும் முன்னே பேரைக் கீறிச் சுட்டு எடுத்துவந்து கொடுத்தார்கள். கிழக்குச் சுவர் முழுக்க அந்தக் கற்கள்தான். எழுதத் தெரியாதவர்கள் கட்டைவிரலை அழுத்தியிருக்கிறார்கள். அப்படி விரல் பதிந்த கற்கள் மட்டும் முந்நூற்றுச் சொச்சம்.

மாமனார் அந்த வாசகசாலையின் செயலாளர். இருபத்தெட்டு வருடமாக வேறு யாரும் போட்டிக்கு நிற்கவில்லை. இடித்துவிட்டு அதே மாதிரி புதிதாகக் கட்டித் தருகிறோம் என்றார்கள் ரயில் திட்டத்துக்காரர்கள். “அதே மாதிரி கட்டைவிரலுக்கு எங்கய்யா போவீங்க?” என்று கேட்டார் செயலாளர். மூன்று வருடம் மனு எழுதி, வாசல் வாசலாக ஏறி இறங்கி, கடைசியில் ஓர் ஒப்பந்தம் வாங்கினார். மெஷின் அடியில் போகும்போது சுவர் பத்து மில்லிமீட்டருக்குள் அசைந்தால் வாசகசாலை நிற்கும். பத்தைத் தாண்டினால் அது ஆபத்தான கட்டடம், இறக்கிவிடுவார்கள்.

அந்த மில்லிமீட்டரை அளக்கும் பொறியாளர் என்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது யார் என்று பார்த்தால், சொந்த மருமகள். அன்றைக்கு நின்றதுதான் பேச்சு. அவளுக்கு ‘மில்லிமீட்டர்’ என்று பட்டப்பெயரும் வைத்துவிட்டார். “மில்லிமீட்டர் சாப்பிட்டாச்சா?” என்று மனைவியிடம் விசாரிப்பார்.

மாமியார் முப்பது வருடம் ஆஸ்பத்திரியில் வார்டு சிஸ்டராக இருந்து ஓய்வுபெற்றவர். தெருவே அவரைச் சிஸ்டரம்மா என்றுதான் கூப்பிடும். போன வாரம் அவருடைய டிரங்குப் பெட்டியில் ஒரு பொருள் காணாமல் போனதே, ஞாபகம் இருக்கிறதா? ஓய்வுபெற்ற அன்று பரிசோதனைக்கூடத்துப் பெண்கள் நினைவாகக் கொடுத்த கண்ணாடி வில்லைகள். மைக்ரோஸ்கோப்பில் வைப்பார்களே, விரல் நீளத்துக்கு மெல்லிசான கண்ணாடி, அதில் ஐம்பது. வீட்டில் ஒவ்வொருவரையும் கேட்டாகிவிட்டது. எடுத்தவர் யாரென்று தெரியவில்லை.

இன்று அவருக்கு அந்த நினைப்பில்லை. ஏழு மணிக்கே வாளி, துடைப்பம், ஸ்பிரிட் பாட்டில், ஒரு பந்து பஞ்சு எல்லாம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

“பெரிய அதிகாரிங்க வர்ற இடம். தூசியும் தும்புமா இருந்தா யாருக்கு மானம் போகும்?”

“நீ எதுக்கு? அங்க ஆளில்லையா?” என்றார் மாமனார்.

“இருக்கிற ஆளுங்க கூட்டின லட்சணத்தைப் பாத்துட்டுத்தான் போறேன்.”

வாசகசாலையில் சிஸ்டரம்மா செய்யாத வேலை கிடையாது. அவரிடம் இல்லாதது உறுப்பினர் அட்டை ஒன்றுதான். அது பழைய புண். அதைக் காலங்காத்தாலே கிளற வேண்டாமென்று மகன் சாவியை எடுத்துக்கொண்டு நழுவினான்.

பத்தரை மணி.

எதிர்க் கட்டடத்து மொட்டை மாடியில் தகரக் கொட்டகை போட்டு அளவைக் கருவியை நிறுத்தியிருந்தார்கள். வாசகசாலைச் சுவரில் வெளிப்பக்கமாக நான்கு பிரிசங்கள், கருவியின் ஒளியைத் திருப்பி அனுப்பும் கண்ணாடிக் குண்டுகள், ஒட்டப்பட்டிருந்தன. ஒவ்வொன்றும் எலுமிச்சம்பழ அளவுதான். கருவி அரை மணிக்கு ஒரு தரம் கண் திறந்து அந்த நான்கையும் பார்த்து, சுவர் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று திரையில் எழுதும். காலையிலிருந்து ஒன்று, ஒன்றரை என்றுதான் எழுதிக்கொண்டிருந்தது. மருமகள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்திருந்தாள்.

பத்தரைக்கு அது எழுதியது: பன்னிரண்டு. பதிமூன்று. பன்னிரண்டரை. இரண்டு.

மருமகள் நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்தாள். மறுபடியும் அளக்கச் சொன்னாள். மறுபடியும் அதே எண்கள். கைப்பேசி அலறியது. சுரங்கத்தின் தலைமைப் பொறியாளர். அவர் திரையிலும் அதே சிவப்பு.

“பாத்தீங்களாம்மா?”

“பாத்தேன் சார்.”

“மெஷினை நிறுத்திட்டேன். ஆனா ரொம்ப நேரம் அங்கேயே நிக்கக் கூடாது. நின்னா மேல இருக்கற மண்ணு மெதுவா உக்காரும். ஓட்டினாலும் பயம், நிறுத்தினாலும் பயம். பத்தைத் தாண்டினா அரை மணிக்குள்ள மேலிடத்துக்குத் தகவல் போகணும், தெரியுமில்ல? போயிட்டா அப்புறம் நானே நினைச்சாலும் திருப்பிக்க முடியாது.”

“அந்த அரை மணியை எனக்குக் குடுங்க சார்.”

“உங்க மாமனார் கட்டடங்கறதுக்காகக் கேக்கறீங்களா?”

“நாலாவது பிரிசத்துக்காகக் கேக்கறேன். கீழ இருக்கற மூணும் பன்னெண்டு இறங்கியிருக்கு. கூரைக்குக் கீழ இருக்கறது ரெண்டுதான். கீழ்ச் சுவர் இறங்கி மேல் சுவர் அந்தரத்துல நிக்குமா சார்?”



“அரை மணி” என்றார். “அதுக்கு மேல ஒரு நிமிஷம் கிடையாது.”

அவள் படிகளில் இறங்கிய வேகத்தில் கடைசி இரண்டு படிகளைக் கால் பார்க்கவே இல்லை.

வாசகர்கள் யாருமில்லாத கூடத்தில் மாமனார் நீண்ட மேசையின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். வெளியே அபாய விளக்கு சுற்றுவதை அவரும் பார்த்துவிட்டிருந்தார். மேசைமேல் இரண்டு கைகளையும் விரித்து வைத்திருந்தார், அது எழுந்து ஓடிவிடும் என்பதுபோல. மாமியார் வாளியோடு மூலையில் நின்றிருந்தார்.

“போச்சா?” என்று கேட்டார் மாமனார். கேட்டது மனைவியிடம்.

“போச்சான்னு கேக்கறார்” என்றார் சிஸ்டரம்மா மருமகளிடம்.

“இன்னும் போகலைன்னு சொல்லுங்க அத்தை. ஆனா இந்தச் சுவர் நிஜமாவே இறங்குச்சா, இல்லை என் கருவி பொய் சொல்லுதான்னு இருபத்தஞ்சு நிமிஷத்துல எனக்குத் தெரிஞ்சாகணும். பன்னெண்டு மில்லிமீட்டர் இறங்கியிருந்தா எங்கேயாவது விரிசல் விட்டிருக்கும். நான் இந்தச் சுவத்தைக் கல்லு கல்லாப் பாக்கணும். நேரமில்லை.”

பெயர் எழுதிய கற்களைப் பார்த்தாள். சுவர் அது பாட்டுக்கு நின்றது. மொத்தம் நாலாயிரம் கல். எந்த மூலையிலிருந்து தொடங்குவது? அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அடக்கவும் முயலவில்லை.

மாமனார் எழுந்தார்.

கிழக்குச் சுவரில் வாசகசாலையின் முன்னாள் தலைவர்கள் பதினொரு பேருடைய படங்கள் தொங்கின. இவற்றை அவள் பத்து மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஏன் இப்படித் தாறுமாறாக மாட்டியிருக்கிறார்கள் என்று யோசித்தும் இருக்கிறாள். ஒருவர் உத்தரத்தை ஒட்டி இருப்பார். ஒருவர் முழங்கால் உயரத்தில் இருப்பார். இரண்டு பேர் ஜன்னலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இடித்துக்கொண்டு நிற்பார்கள். வயதானவர் ரசனை என்று விட்டுவிட்டாள்.

மாமனார் முதல் தலைவரைக் கழற்றிக் கீழே வைத்தார்.

படம் இருந்த இடத்தில், சுவரில் முடி கனத்துக்கு ஒரு பழைய கீறல்; அதை மறைக்கத்தான் தலைவர் அங்கே தொங்கியிருக்கிறார். கீறலுக்குக் குறுக்கே, இரண்டு பக்கமும் சாந்து அப்பி ஒட்டிய ஒரு கண்ணாடி வில்லை. அதன் கீழே பென்சிலில் தேதி.

“அடப்பாவி மனுஷா!” என்றார் சிஸ்டரம்மா. “என் கண்ணாடிப் பெட்டி!”

மாமனார் திரும்பவில்லை. அடுத்த தலைவரைக் கழற்றினார். அதன் பின்னாலும் ஒரு கண்ணாடி. மருமகள் ஓடிப்போய் நாற்காலியை இழுத்துப் போட்டு உத்தரத்துக்காரரை இறக்கினாள். முழங்கால் உயரத்துக்காரரைச் சிஸ்டரம்மா தூக்கினார். நான்கு நிமிடத்தில் பதினொரு தலைவர்களும் தரையில் வரிசையாகச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்கள்.

பதினொரு கண்ணாடி. அவள் ஒவ்வொன்றின் மேலும் டார்ச் அடித்து, கிட்டே போய் மூச்சுப் படும் தூரத்தில் பார்த்தாள். சுவர் அரை மில்லிமீட்டர் விரிந்திருந்தாலும் இந்தக் கண்ணாடி படக்கென்று உடைந்திருக்கும். ஒன்றில்கூட ஒரு கீற்று இல்லை.

“ஒண்ணுகூட உடையலை” என்றாள். 

“எப்போ ஒட்டினீங்க?” என்று கேட்டார் சிஸ்டரம்மா.

“போன வாரம். அவ கருவியை நம்பி உக்காந்திருக்கச் சொல்றியா? எங்க சுவத்தை நாங்களும் பாத்துக்கணுமில்ல?”

பதில் மனைவிக்குத்தான். ஆனால் கடைசியில் கண் மருமகள் பக்கம் வந்து போனது.

கண்ணாடி உடையவில்லை என்பது அவளுக்குப் போதும். தலைமைப் பொறியாளருக்கு எண் வேண்டும். சுவரின் அடியில் ஐந்து இடத்தில் பித்தளைக் குமிழ் பதித்திருந்தது. கையால் இயக்கி மட்டம் பார்க்கும் லெவல் கருவியை வைத்து, அந்தக் குமிழ்கள்மேல் அளவுக்கம்பை நிறுத்திப் படித்தால் உண்மை தெரியும். காலையில் எட்டு மணிக்கு அப்படித்தான் அளந்தாள். அப்போது கம்பு பிடிக்க ஆள் இருந்தது. இப்போது அபாய விளக்கு எரிந்ததும் வேலையாட்களையெல்லாம் தெருவுக்கு அந்தப் பக்கம் அனுப்பியாகிவிட்டது; போக மறுத்து நின்றவர்கள் இந்தப் பெரியவர்கள் இரண்டு பேர்தான்.

பதினெட்டு நிமிடம் பாக்கி. தெருவில் லெவல் கருவியின் முக்காலியை விரித்தாள்.

“கம்பைப் பிடிக்க ஒரு ஆள் வேணுமே” என்றாள், பொதுவாக.

கம்பை எடுத்தவர் மாமனார். மூன்று வருடம் அந்தத் திட்டத்தை எதிர்த்து மனு எழுதிய கை, திட்டத்தின் பேர் அச்சடித்த கம்பைப் பிடித்துக்கொண்டு முதல் குமிழ்மேல் நின்றது.

“நேராப் பிடிக்கணும் மாமா. பின்னால ஒரு நீர்க்குமிழி இருக்கும் பாருங்க, அது வட்டத்துக்கு நடுவுல வரணும்.”

“வந்துச்சு.”

“கொஞ்சம் இடது பக்கம் சாயுது.”

“இப்போ?”

“இப்போ சரி. அசையாதீங்க.”

“நான் அசையலை. நீ அவசரப்படாம பாரு. தப்பாப் படிச்சுட்டு அப்புறம் மறுபடியும் வராதே.”

ஜன்னலில் நின்ற சிஸ்டரம்மா வாயைப் பொத்திக்கொண்டார். பத்து மாதத்துப் பூட்டு திறந்துகொண்டதை அந்த இரண்டு பேரும் கவனிக்கவே இல்லை. அவர்களுக்கு நீர்க்குமிழிதான் பெரிசாக இருந்தது.

முதல் குமிழ் ஒன்றரை மில்லிமீட்டர். இரண்டாவது இரண்டு. மூன்றாவது இரண்டு. நான்காவதும் இரண்டுதான். ஐந்தாவதை அவள் மூன்று தரம் படித்தாள். ஒன்றரை.

“இறங்கலை மாமா! சுவர் இறங்கலை!”

மாமனார் கம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். அவருக்கும் உயிர் வந்தது. முகத்தைத் துடைத்துக்கொள்ள கை இல்லாததால் கம்பிலேயே நெற்றியை வைத்துக்கொண்டார்.

“அப்போ அந்த மூணு பிரிசம் ஏன் அப்படிக் காட்டுச்சு?” என்று மருமகள் நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள். கீழ்ப் பிரிசங்கள் மூன்றும் மூன்று ஜன்னல்களை ஒட்டி இருந்தன. மூன்றும் பளபளவென்று மின்னின. நான்காவது மட்டும் கூரைக்கடியில் தூசியோடு இருந்தது.

அவள் மெல்ல ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

“அத்தை. இந்த ஜன்னலையெல்லாம் எப்போ துடைச்சீங்க?”

“பத்து மணிக்கு மேல. ஏன், நல்லா இல்லையா?”

“ஜன்னல் நல்லா இருக்கு. பக்கத்துல இருக்கற இந்தக் கண்ணாடிக் குண்டு…”

“அதையா? ஒரே புழுதி. ஸ்பிரிட் போட்டுத் துடைச்சேன். மூணும் கோணலா வேற ஒட்டி வெச்சிருந்தாங்க, யார் செஞ்ச வேலையோ. லேசா அழுத்தி நேரா நிமித்திவிட்டேன். மேல இருந்தது கைக்கு எட்டலை.”

அந்தக் கோணல், எதிர் மாடியில் இருக்கும் கருவியை நோக்கித் திருப்பிவைத்த கோணல். பிரிசம் இடம் மாறியதும், சுவரே இறங்கிவிட்டதாகக் கருவி எழுதியிருக்கிறது. கட்டில் விரிப்பில் ஒரு சுருக்கம் இருந்தாலும் பொறுக்காமல் முப்பது வருடம் வார்டைச் சுற்றிவந்த கை, கோணலாக ஒன்றைப் பார்த்துவிட்டுச் சும்மா விடுமா?

மருமகள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாமல் சிஸ்டரம்மா பயந்துபோய்ப் பஞ்சையும் கையுமாக ஓடிவந்தார்.

“நான் ஏதும் தப்புப் பண்ணிட்டேனா?”

“நீங்க துடைச்ச துடைப்புல வாசகசாலையே போயிருக்கும் அத்தை!”

ஐந்து நிமிடம் மிச்சமிருக்கும்போது அவள் தலைமைப் பொறியாளரைக் கூப்பிட்டு எண்களைச் சொன்னாள். அவர் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டார். பிறகு நீளமாக மூச்சுவிட்டது இங்கே கேட்டது. அடுத்த நிமிடம் காலடியில் ஒரு மெல்லிய அதிர்வு. மெஷின் நகரத் தொடங்கியிருந்தது.

மூன்றே முக்காலுக்கு அது கிழக்குச் சுவரைத் தாண்டிப் போய்விட்டது. கடைசி அளவு மூன்று மில்லிமீட்டர்.

ஐந்து மணிக்கு நீண்ட மேசையில் நான்கு தம்ளர் டீ. பயிற்சி முடிந்து வந்த மகன், அப்பாவும் மனைவியும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதைப் பார்த்துவிட்டு, எந்தப் பக்கம் உட்காருவதென்று புரியாமல் நின்றான்.

“உக்காருடா. இனி உனக்கு இங்க வேலையில்லை” என்றார் சிஸ்டரம்மா.

மருமகள் அறிக்கை எழுதிக்கொண்டிருந்தாள். ஒரு கட்டத்தில் பேனா நின்றது. ‘தவறான அளவுக்குக் காரணம்’ என்ற கட்டம்.

“என்ன யோசிக்கற? நடந்ததை எழுது. என் பேரையே எழுது” என்றார் சிஸ்டரம்மா. “ஊசி மாத்திப் போட்டாலும் ஷீட்டுல எழுதியே ஆகணும். அப்படித்தான் நான் வேலை பாத்தேன்.”

அவள் எழுதத் தொடங்கினாள். மாமனார் டீயைப் பாதியில் வைத்தார். அவர் முகம் வெளுத்திருந்தது.

“ஒன்பதாவது ஷரத்து” என்றார்.

யாருக்கும் புரியவில்லை. அலமாரியிலிருந்து ஒப்பந்தத்தை எடுத்து வந்து பக்கத்தைப் புரட்டி, விரலை வைத்துப் படித்தார்: “வாசகசாலையின் உறுப்பினரோ ஊழியரோ பொறியாளரின் அனுமதியின்றி அளவைக் கருவிகளைத் தொட்டால், இந்த ஒப்பந்தம் அக்கணமே ரத்தாகும்.”

மருமகளின் பேனா அப்படியே நின்றது. சுவர் தப்பியது, காகிதத்தில் விழப்போகிறது. எழுதாமல் விட்டால்? அவள் கையெழுத்துக்கு அப்புறம் என்ன மதிப்பு? மாமனாரைப் பார்த்தாள். எழுதாதே என்று அவர் சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருந்தது.

“எழுது” என்றார் மாமனார். “பொய்யில நிக்கற சுவர் எனக்கு வேண்டாம்.”

சிஸ்டரம்மா டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டுத் தம்ளரை டங்கென்று வைத்தார்.

“ஏங்க. நான் உங்க வாசகசாலை ஊழியரா?”

“இல்லை.”

“உறுப்பினரா?”

மாமனார் ஒப்பந்தத்தைக் கீழே வைத்தார். அலமாரிக்கு ஓடினார்.

பழைய பதிவேடு. இருபத்தாறு வருடத்துக்கு முந்திய பக்கம். சிஸ்டரம்மா தன் பேரில் எடுத்த புத்தகத்தை வார்டில் ஒரு நோயாளிக்குப் படிக்கக் கொடுத்திருந்தார். நோயாளி குணமாகி வீட்டுக்குப் போனபோது புத்தகமும் கூடப் போய்விட்டது. வீட்டுக்காரிக்கு ஒரு சட்டம், ஊருக்கு ஒரு சட்டம் என்று இருக்கக் கூடாதென்று செயலாளர் ஒற்றைக்காலில் நின்று செய்த காரியம், சிவப்பு மையில் அவர் கையெழுத்தோடு இருந்தது: உறுப்பினர் எண் 412, நீக்கம்.

மருமகள் கைப்பேசியில் தலைமைப் பொறியாளரைப் பிடித்தாள். அவர் முழுவதையும் கேட்டார். பதிவேட்டுப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். பிறகு சிரிக்கும் சத்தம் கேட்டது.

“அப்போ அவங்க பொதுமக்கள்தான். பொதுமக்கள் கைக்கு எட்டற மாதிரி கருவி ஒட்டினது எங்க தப்பு. அப்படியே எழுதிடுங்கம்மா. ஒப்பந்தத்துக்கு ஒண்ணும் ஆகாது.”

மாமனார் சுவரோரம் போய், கட்டைவிரல் பதிந்த ஒரு கல்லின் குழிவில் தன் விரலை வைத்து நின்றார். கண் நிறைந்திருந்தது. மறைக்கவில்லை.

“இருபத்தாறு வருஷம் திட்டினேன் உங்களை” என்றார் சிஸ்டரம்மா. “சரி, இப்பவாவது அந்தக் கார்டைக் குடுங்க.”

மாமனார் பதிவேட்டை மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். திரும்பி, மருமகளிடம் கேட்டார்.

“ஏம்மா, திரும்பி வர்ற பாதைக்கு இன்னொரு மெஷின் வருதே, அது எப்போ?”

“மூணு மாசத்துல, மாமா. மேற்குச் சுவருக்கு அடியில.”

“அங்க எத்தனை ஜன்னல்?”

“நாலு.”

மாமனார் மனைவியைப் பார்த்தார்.

“மூணு மாசம் பொறுத்துக்கோ” என்றார்.